சில்வர் ஆக்சைடும் ஒற்றைக் கொலுசும்

குருவுக்கு வயது இருபத்தாறு. சிஷ்யைக்கு நாற்பத்து மூன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் தாடி எங்கே, கமண்டலம் எங்கே, ஆலமரம் எங்கே என்று யாரும் தேடக் கூடாது.

குருவின் பெயர் வெண்மதி. சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். ஞாயிறுதோறும் பள்ளி ஆய்வகத்தைத் திறந்துவைத்து, பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்களுக்குப் பாடம் சொல்லுவாள். அதற்குச் சம்பளம் கிடையாது. வாட்ச்மேனிடம் சாவி கேட்டுக் கெஞ்சுகிற வேலை மட்டும் உண்டு.

சிஷ்யை பூங்காவனம். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. கோத்து வைத்த வெள்ளி வளையங்களில் பற்றவைப்புப் பொடியைத் தூவி, நெருப்பை ஊதி, ஒன்றோடு ஒன்றை ஒட்டவைப்பாள். அவள் ஒட்டிய கொலுசுகள் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கால்களில் ஆடிக்கொண்டிருந்தன. அவள் நெஞ்சில் இருமல்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"நெருப்பை விட்டு எழுந்திரும்மா. இல்லாட்டி மருந்து வேலை செய்யாது," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எழுந்து எங்கே போவது? அதற்கும் ஒரு வழி பிறந்தது. கடைவீதியில் வெள்ளியின் தரம் பார்த்துச் சொல்லுகிற கூடம் ஒன்று இருந்தது. ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து மெஷினில் பார்க்கிற வேலை. அதை நடத்துகிற அம்மாளுக்குப் பூங்காவனத்தின் கைச்சுத்தம் தெரியும். ஆனால் பத்தாவது தேறியவர்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும். பூங்காவனம் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். அறிவியலில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள்.

"இந்தத் தடவை ரிசல்ட் வர்ற வரைக்கும் உனக்காக இடத்தை வச்சிருக்கேன் பூங்காவனம். அதுக்கு மேல என்னைக் கேட்காதே," என்றார் அந்த அம்மாள்.

ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் நாற்காலி. நடுவில் பிசாசு மாதிரி அறிவியல் நின்றது.

முதல் ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கேட்டாள்.

"எந்த இடத்துல வழுக்குதுங்க அக்கா?"

"இந்தச் சமன்பாடுதாங்க டீச்சர். பார்த்தாலே கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரியா இருந்தே ஆகணுமாமே? ஏன் இருக்கணும்? இல்லாட்டி யாரு அடிப்பாங்க?"

வெண்மதி புத்தகத்தை மூடினாள்.

"சாயங்காலம் வேலை முடிஞ்சா பட்டறையில தரையை என்ன பண்ணுவீங்க?"

"கூட்டுவோம்."

"அந்தக் குப்பையை?"

"குப்பையா! நல்லாக் கேட்டீங்க போங்க. அராவின தூளு, உதிர்ந்த பொடி எல்லாம் அதுலதானே கிடக்கு. அள்ளி உருக்கினா வெள்ளி வந்துடும். கை கழுவுற தண்ணியைக்கூட எங்க முதலாளி வீணா விட மாட்டாரு."

"காலையில கொடுத்த வெள்ளிக்கும், சாயங்காலம் கொலுசு, மண்ணு, தண்ணி எல்லாத்துலயும் இருக்கற வெள்ளிக்கும் கணக்கு எப்படி?"

"சரியா இருக்கும். இருந்தே தீரணும்."

"இல்லாட்டி யாரு அடிப்பாங்க?"

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

அடுத்த வாரம் வெண்மதி பலகையில் எழுதினாள்.

Ag₂O → Ag + O₂

"Agன்னா வெள்ளி. Oன்னா ஆக்சிஜன். இடது கைப் பக்கம் இருக்கறது சில்வர் ஆக்சைடு. கருப்புப் பொடி. ரெண்டு வெள்ளியும் ஒரு ஆக்சிஜனும் கை கோத்துக்கிட்டு இருக்கு. சூடு பண்ணினா கையை விட்டுடும். வெள்ளி தனி, ஆக்சிஜன் தனி. இதுக்குச் சிதைவு வினைன்னு பேரு. இப்ப ரெண்டு பக்கத்தையும் நீங்க சரி பண்ணுங்க."

பூங்காவனம் சாக்பீஸை வாங்கினாள். வெள்ளி இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கத்து வெள்ளிக்கு முன்னால் ஒரு 2 போட்டாள். அது முடிந்தது. ஆக்சிஜன்தான் இடித்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு. மோவாயில் சாக்பீஸ் தூள் ஒட்டுகிற அளவுக்கு யோசித்தாள். பிறகு சட்டென்று, இடது பக்கத்து ஆக்சிஜனின் காலடியில் ஒரு சின்ன 2 வைத்தாள்.

Ag₂O₂ → 2Ag + O₂

வெள்ளி இரண்டு, இரண்டு. ஆக்சிஜன் இரண்டு, இரண்டு. கையைத் தட்டித் தூளை உதறிவிட்டு, ஜெயித்தவள் மாதிரி நின்றாள்.

வெண்மதி பக்கத்தில் பெரிதாக ஒரு முட்டை போட்டாள்.

"டீச்சர்! எண்ணிப் பாருங்க டீச்சர்! ரெண்டு பக்கமும் சரியா இருக்கு!"

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு முட்டை?"

வெண்மதி டஸ்டரை மேஜையில் வைத்துவிட்டு வேறு பேச்சை எடுத்தாள்.

"அக்கா, எங்க அண்ணன் பொண்ணுக்கு ஒரு ஜோடி கொலுசு செய்யணும். என்கிட்ட இருக்கற வெள்ளி கொஞ்சம் பத்தாது போல இருக்கு."

"அதுக்கென்ன, பார்த்துக்கலாம்."

"உருக்கும்போது அந்தக் குறைக்கு உள்ளே செம்பைச் சேர்த்துடுங்களேன். தராசுல சரியா வந்துடும்."

பூங்காவனத்தின் முகம் மாறிவிட்டது.

"என்ன டீச்சர் பேசறீங்க?"

"ஏன்க்கா, எடை சரியா இருக்குமே?"

"எடை இருக்கும். வெள்ளி இருக்குமா? மேல பளபளன்னுதான் இருக்கும், உள்ள வேற சரக்கு. படிச்சவங்க நீங்க இப்படிக் கேக்கலாமா? சோத்துக்கு இல்லாத நாள்லகூட இந்தக் கை அந்த வேலையைப் பண்ணினதில்லை. கொலுசு வேணும்னா இன்னும் கொஞ்சம் வெள்ளி கொண்டாங்க. உள்ள இருக்கறதை மாத்தச் சொல்லி என்கிட்ட கேக்காதீங்க!"

குரல் ஆய்வகம் முழுக்கக் கேட்டது. மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெண்மதி சாக்பீஸை எடுத்து, பலகையில் அந்தச் சின்ன 2இன் பக்கத்தில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

பூங்காவனம் பலகையைப் பார்த்தாள். பிறகு போய், முந்தானையாலேயே அந்தச் சின்ன 2ஐ அழித்தாள். அழிந்த பிறகும் இன்னொரு தடவை துடைத்தாள்.

"அந்த ரெண்டைப் போட்டா அது சில்வர் ஆக்சைடே இல்லை. வேற ஏதோ சரக்கு. அப்படித்தானுங்களே?"

"டீ குடிக்கலாமா அக்கா?" என்றாள் வெண்மதி.

டீ குடித்தார்கள். ஆனால் டீயோடு பிரச்சினை உள்ளே போய்விடுமா? பூங்காவனம் டம்ளரைக் கீழே வைத்த கையோடு பிடித்துக்கொண்டாள்.

"உள்ள கை வைக்கக் கூடாது, சரி. அப்ப இந்த ஒத்தை ஆக்சிஜனை நான் என்ன பண்றது? இங்கேயிருந்து ஒண்ணே ஒண்ணுதான் வெளியே வருது. அந்தப் பக்கம் பார்த்தா ரெண்டு ரெண்டாத்தான் நிப்பேன்னு அடம் பிடிக்குது. ஒத்தையாவே எழுதிட்டா என்னவாம்?"

வெண்மதி அவள் காலைப் பார்த்தாள். பூங்காவனம் தன் கையாலேயே செய்து போட்டுக்கொண்ட கொலுசு, வேலைப்பாடு அதிகம் இல்லாதது, ஆனால் சத்தம் சுத்தமாக இருக்கும்.

"அதுல ஒண்ணைக் கழற்றுங்க அக்கா."

"எதுக்கு?"

"கடைவீதியில போய் வித்துட்டு வாங்க. பழைய வெள்ளியா எடைக்குப் போடக் கூடாது. கொலுசா விக்கணும்."

"ஒத்தைக் கொலுசையா?"

"ஒத்தைக் கொலுசைத்தான்."

குரு சொன்னால் சிஷ்யை கேட்க வேண்டியதுதானே. பூங்காவனம் ஒன்றைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு கிளம்பினாள். ஒரு கால் ஜல் என்றது, மறு கால் கம்மென்று வந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் தன் காலையே பார்ப்பது மாதிரி அவளுக்குக் கூசியது.

முதல் கடையில் கல்லாவில் இருந்த பையன் கொலுசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஜோடி எங்கக்கா?"

"இது ஒண்ணுதான் தம்பி."

"அப்ப எடைக்குப் போட்டுக்கலாமா?"

"கொலுசாத்தான் விக்கணும்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பி, "அப்பா, இங்க கொஞ்சம் வாங்களேன்," என்று கூப்பிட்ட விதத்தைப் பார்த்ததும் பூங்காவனம் அடுத்த கடைக்கு நடையைக் கட்டினாள்.

அடுத்த கடைக்காரர் வயதானவர். அவர் சிரிக்கவில்லை. கொலுசைக் காதருகே வைத்து ஆட்டிக் கேட்டார்.

"வேலை நல்ல வேலைம்மா. ஆனா ஒத்தைக் கொலுசை எவ வாங்குவா? இது கடையை விட்டு வெளியே போகணும்னா இதே மாதிரி இன்னொண்ணு வரணும். எங்கே இருந்து இது வந்துச்சோ அங்கேயே போய் இன்னொண்ணு கொண்டா. அப்பத்தான் ரெண்டும் போகும்."

பூங்காவனம் கொலுசை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாலடி நடந்தவள் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள்.

"யம்மா! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று ஒரு ஆட்டோக்காரன் பிரேக்கைப் போட்டுக் கத்தினான்.

அவள் காதில் விழவே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். ஒற்றைக் கால் ஜல் ஜல்லென்று இரைந்தது. கூச்சமாவது மண்ணாவது!

வந்த வேகத்தில் சாக்பீஸை எடுத்து, Ag₂Oவுக்கு முன்னால், உள்ளே எதையும் தொடாமல், பெரிதாக ஒரு 2 போட்டாள். மூச்சு வாங்கியது.

"உள்ள கை வச்சீங்களா?" என்றாள் வெண்மதி.

"வைக்கலை. இன்னொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தேன். அது ஒரு ஆக்சிஜன் கொடுக்குது, இது ஒரு ஆக்சிஜன் கொடுக்குது. ஜோடி சேர்ந்துடுச்சு. ரெண்டும் கிளம்பிடுச்சு!"

"கொலுசைப் போட்டுக்கங்க அக்கா. பட்டறையில உக்காந்து இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க."

இன்னொரு தடவை ஏன் எண்ண வேண்டும் என்று பூங்காவனத்துக்கு அன்று புரியவில்லை. அதைப் புரியவைத்தவள் நவமணி.

நவமணி பட்டறையில் பூங்காவனத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து அதே பற்றவைப்பு வேலை செய்கிறவள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாய் மட்டும் எந்த வகுப்பிலும் நிற்காது. பூங்காவனம் வகுப்புக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்குக் "கலெக்டரம்மா" என்று பேர் வைத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் ஆளாகக் கேட்கிறவளும் அவள்தான்.

"நேத்து என்ன சொன்னா உன் டீச்சரு?"

பூங்காவனம் கொலுசு விற்கப் போன கதையைச் சொன்னாள்.

"ஒத்தைக் கொலுசா? ஒத்தைக் கால்ல நிக்க உன் டீச்சர் என்ன கொக்கா?" என்று நவமணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "சரி, எழுது பார்க்கலாம்," என்றாள்.

பூங்காவனம் தான் வேலை செய்கிற மணைக்கட்டையின் மேல் வெள்ளி வளையங்களையும் சலங்கை மணிகளையும் பரப்பிக் காட்டினாள். வளையம் வெள்ளி, மணி ஆக்சிஜன். இரண்டு வளையத்துக்கு ஒரு மணி, அது ஒரு சில்வர் ஆக்சைடு. அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் கலைத்தாள். இரண்டு மணிகளையும் ஜோடியாகத் தள்ளிவைத்தாள். இந்தப் பக்கம் இரண்டு வளையங்களை எடுத்து வைத்து, "இவ்வளவுதான்," என்றாள்.

நவமணி ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"ஏய், மிச்சம் ரெண்டு வளையம் எங்கடி?"

"எது?"

"ரெண்டு ஆளு வந்தாங்க. ஆளுக்கு ரெண்டு வெள்ளி. நாலு ஆச்சா? நீ ரெண்டுதான் வச்சிருக்க. மிச்சத்தை மடியில முடிஞ்சுக்கிட்டியா, திருட்டுக் கழுதை!"

பூங்காவனம் குனிந்து பார்த்தாள். இரண்டு வளையங்கள் அவள் முழங்கைக்குக் கீழே கிடந்தன. இன்னொருத்தரைக் கூப்பிட்டால் அவர் வெறுங்கையோடா வருவார்? தன்னிடம் இருக்கிறதையும் கொண்டுதானே வருவார்! அவள் அந்த இரண்டையும் எடுத்து மற்ற இரண்டோடு வைத்தாள். கரித்துண்டால் கட்டையின் மேலேயே எழுதினாள்.

2Ag₂O → 4Ag + O₂

இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட எண்ணினார்கள். வெள்ளி நாலு, நாலு. ஆக்சிஜன் இரண்டு, இரண்டு. உள்ளே யாரும் கை வைக்கவில்லை. எதுவும் தொலையவில்லை.

"நவமணிதான் கண்டுபிடிச்சா டீச்சர்," என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் மறைக்காமல் சொன்னாள்.

"அவங்களை வரச் சொல்றதுதானே?"

"அவளா? அவளுக்கு வாய் மட்டும்தான் டீச்சர் தைரியம்."

வெண்மதி அன்றைக்குச் சமன்பாடு எழுதச் சொல்லவில்லை. பூங்காவனத்துக்குக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிவிட்டு, ஒரு சோதனைக் குழாயில் கருப்புப் பொடி கொஞ்சம் போட்டாள்.

"இதாங்க அக்கா நீங்க இத்தனை நாள் சண்டை போட்டது."

"வெள்ளி கறுத்துப் போனா வர்ற கருப்பு மாதிரியே இருக்கு."

"அது கந்தகத்தால வர்ற கருப்பு. இது ஆக்சிஜனால வந்தது. சூடு பண்ணுங்க."

நெருப்பு என்றால் பூங்காவனத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா? விளக்கின் மேல் குழாயை அசைத்து அசைத்துப் பிடித்தாள். வெண்மதி ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சுடரை அணைத்து, கங்கு மட்டும் கனிந்த நுனியைக் குழாயின் வாய்க்குள் நீட்டினாள்.

கங்கு திகுதிகுவென்று சிவந்தது. பிறகு பக்கென்று சுடர் விட்டு எரிந்தது!

"ஐயோ!"

"யாரு வந்தாங்கன்னு பார்த்தீங்களா?"

"ஆக்சிஜன்! ஜோடியாக் கிளம்பிட்டாங்க!"

குழாய்க்குள் கருப்பு போய்விட்டது. சாம்பல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஆறியதும் வெண்மதி அதைச் சுரண்டி ஒரு தட்டில் கொட்டினாள். பூங்காவனம் இரும்புக் கரண்டியின் காம்பால் ஒரு அழுத்து அழுத்தித் தேய்த்தாள். பளிச்சென்று மின்னியது. எத்தனையோ வருஷமாகத் தன் கையில் புரண்ட உலோகம் அவளுக்குத் தெரியாதா? கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெட்கமே இல்லாமல் அழுதாள்.

"புஸ்தகத்துல எழுதினது நிஜமாவே நடக்குமா டீச்சர்? நான் ஏதோ பரீட்சைக்காகச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

பரீட்சை வந்தது.

அறிவியல் தாளைப் பூங்காவனம் கண்ணில் ஒற்றிக்கொண்டு திறந்தாள். ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் எல்லாம் தட்டுத் தடுமாறித் தாண்டினாள். பெரிய கேள்விக்கு வந்தாள். சிதைவு வினைதான் கேட்டிருந்தார்கள். ஆனால் சில்வர் ஆக்சைடு இல்லை. மெர்குரிக் ஆக்சைடு. சமன்படுத்தி, சமன் செய்த விதத்தையும் விளக்கச் சொல்லியிருந்தார்கள்.

HgO → Hg + O₂

வெள்ளி எங்கே? வெள்ளியைக் காணோமே! பாதரசத்தை அவள் பட்டறையில் தொட்டதுகூட இல்லை. பேனா வியர்த்தது. இருமல் வேறு முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, மூணாவது தடவையும் போச்சு என்று பாழும் மனசு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டது. ஆக்சிஜன் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு. பழைய கை துறுதுறுத்தது. காலடியில் ஒரு சின்ன 2 போட்டால் கேள்வி தீர்ந்துவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?

பேனா முனை அந்த இடம் வரைக்கும் போயேவிட்டது.

"உள்ள கை வைக்கக் கூடாது," என்று பூங்காவனம் வாய்விட்டே சொன்னாள்.

மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார். அவள் காலை இழுத்து உட்கார்ந்தாள். கொலுசு இரண்டும் ஜல் என்றன. வெள்ளியாக இருந்தால் என்ன, பாதரசமாக இருந்தால் என்ன? வெளியே கிளம்புகிறது ஆக்சிஜன்தானே! அதன் குணம் எங்கே போனாலும் அதுதானே!

பேனாவை எடுத்து முன்னால் கொண்டுபோய்ப் பெரிதாக 2 போட்டாள். வந்தவர் வெறுங்கையோடு வர மாட்டாரே என்று அந்தப் பக்கத்துப் பாதரசத்துக்கும் ஒரு 2 போட்டாள்.

2HgO → 2Hg + O₂

எண்ணினாள். சரி. மறுபடி எண்ணினாள். சரி! எழுந்து நின்று ஒரு கூச்சல் போடலாமா என்று இருந்தது. போடவில்லை. விளக்கத்தை எழுதினாள். வெளியே வந்ததும் முதல் வேலையாக டீச்சருக்குப் போன் போட்டு, எழுதியதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாள்.

"ஆக்சிஜன் ஒற்றையாக வெளியே போகாது. போனால் ஜோடியாகத்தான் போகும். அதற்காக HgOவின் உள்ளே கை வைக்கக் கூடாது. இன்னொரு HgOவைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். இப்படித்தான் எழுதினேன் டீச்சர். புஸ்தகத்துல இருக்கற மாதிரி எழுத வரலை. மார்க் போடுவாங்களா?"

"நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க அக்கா," என்றாள் வெண்மதி.

ரிசல்ட் வந்த அன்று காலையில் பூங்காவனம் பட்டறையில் இருந்தாள். செல்போனைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. நவமணிதான் பிடுங்கி நம்பரைப் போட்டாள். அது சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டறையில் ஒரு சுத்தியல் சத்தம்கூட இல்லை.

நவமணியின் வாய் திறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து சத்தம் வரவில்லை. போனைத் திருப்பிக் காட்டினாள்.

தேர்ச்சி.

"கலெக்டரம்மா பாஸூ!" என்று அப்புறம்தான் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். மெருகுக்குப் போகக் கொத்துக் கொத்தாகத் தொங்கிய கொலுசுகளில் ஒரு கொத்தை உருவித் தலைக்கு மேலே ஆட்டினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி ஒரு கொத்தை எடுத்தாள். அப்புறம் எல்லோரும். கம்பி இழுக்கிறவர்கள், மணி கோக்கிறவர்கள், ஆளுக்கொரு கொத்து. பட்டறையே சலங்கை கட்டி ஆடியது. முதலாளி ஓடி வந்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் தானும் ஒரு கொத்தை எடுத்துக் குலுக்கினார். தெருவில் போனவர்கள் ஏதோ சாமி புறப்பாடு என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். நடுவில் பூங்காவனம் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். அவள் தோளை நவமணி பிடித்து உலுக்கிய உலுக்கலில் இருமல்கூடப் பயந்து ஒளிந்துகொண்டது.

ஆரவாரம் அடங்கி எல்லோரும் மணைக்குத் திரும்பியதும், நவமணி ஊதுகுழலை எடுத்தாள். நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ ஃபேனுக்கடியில போய் உக்காந்துக்குவ. இனிமே எனக்கு எதிர்ல யாரு இருப்பா?"

பூங்காவனம் அப்போதுதான் கவனித்தாள், நவமணியும் லேசாக இருமினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தாள். வெற்றிலை பாக்கு, பூ, பழம், தட்டு நிறைய இனிப்பு. தட்டின் நடுவில் ஒரு ஜோடி புதுக் கொலுசு. தன் காலில் கிடந்ததை உருக்கித் தன் கையாலேயே செய்தது.

"செம்பு சேர்த்தீங்களா?" என்றாள் வெண்மதி.

"வாயிலயே போடுவேன் டீச்சர் உங்களை!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெண்மதி கொலுசைக் கையில் எடுத்தாள். ஆட்டிக் கேட்டாள். ஒன்றை மேஜை மேல் வைத்துக்கொண்டாள். மற்றதைப் பூங்காவனத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"என்னங்க டீச்சர் இது? ஒத்தையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"காத்திருப்பேன். ஜோடியா வந்தா வாங்கிக்கறேன்."

வெண்மதியின் பார்வை ஜன்னலுக்கு வெளியே போனது. பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு அப்பால், வெயிலில், முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்ப்பதும் மறைவதுமாக இருந்தாள்.

"யாருக்கா அது?"

"நவமணிதான் டீச்சர். கூடவே வந்தா. உள்ள வாடின்னா கேட்டைத் தாண்ட மாட்டேங்கறா."

பூங்காவனம் கையிலிருந்த ஒற்றைக் கொலுசைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள்.

"நாளைக்கே என்னை வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க டீச்சர். நான் பட்டறையை விட்டுக் கிளம்பணுமே."

"ஒத்தையா வெளியே போகாதுன்னு பரீட்சையில எழுதினது நீங்கதானே அக்கா?"